வெள்ளிக்கிழமை விற்காத பங்கு

சான் ஹோசேவில் என்னைத் தெரிந்தவர்கள் என்னைப் பற்றி இரண்டு விஷயம் சொல்வார்கள். பணக் கணக்கு நன்றாகப் பார்ப்பாள் என்பது ஒன்று. மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இன்னொன்று. இரண்டையும் நான் மறுத்ததில்லை. கோபம் எனக்குப் பிறவிக் குணம் என்று என் கணவர் நினைக்கிறார். அது தப்பு. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்கு இப்படிக் கோபம் வர ஆரம்பித்தது.

குடும்பங்களுக்கு நிதித் திட்டம் போட்டுக் கொடுப்பது என் வேலை. சம்பளம் எவ்வளவு, வீட்டுச் செலவு எவ்வளவு, பிள்ளை காலேஜ் போகும்போது கையில் என்ன இருக்கும், ஊருக்குத் திரும்பிப் போவதாக இருந்தால் எப்போது போகலாம், இதையெல்லாம் உட்கார்ந்து பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்து தருவேன். இன்ஷூரன்ஸ் பாலிசி விற்க மாட்டேன். கமிஷன் வாங்க மாட்டேன். பேசுகிற நேரத்துக்குக் கட்டணம் வாங்குவேன். நம்மவர்களுக்கு இதுதான் தாங்காது. "பேசறதுக்கா அக்கா காசு?" என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டிருக்கிறார்கள். வக்கீலிடம் கேட்க மாட்டார்கள். வெள்ளைக்கார கணக்காளரிடம் கேட்க மாட்டார்கள். நான் நம்ம ஊர்ப் பொம்பளை, அதனால் என் வாய்ச் சொல் இலவசம். பிறந்தநாள் விழாவில் கையில் கேக் தட்டோடு வந்து, "ஒரு சின்ன டவுட்" என்று ஆரம்பிப்பார்கள். அந்தச் சின்ன டவுட்டில் அவர்கள் சொத்து முழுக்க அடங்கியிருக்கும். பதில் சொன்னால் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் யாரோ ஒரு ரூம்மேட் சொன்னதைப் போய்ச் செய்வார்கள்.

என்னிடம் ஒரே ஒரு விதி உண்டு. கணவன் மனைவி இரண்டு பேரும் மேஜைக்கு வந்து உட்கார வேண்டும். டிவி ஓடக் கூடாது. வேலை முடிகிற வரை காபி, பஜ்ஜி எதுவும் வரக் கூடாது. ஏனென்றால் அதை எடுத்துக்கொண்டு வருகிற சாக்கில் மனைவி அடுப்படியிலேயே நின்றுவிடுவாள். "அவளுக்கு இதெல்லாம் புரியாதுங்க, நாம பேசலாம்" என்று சொன்ன எத்தனையோ பேரிடம் என் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். நல்ல வரும்படி போயிற்று என்று என் கணவர் முனகுவார். போகட்டும்.

இந்த விதி ஏன் என்றால், நானும் அடுப்படியில் நின்றவள்தான். சென்னையில் ஒரு பாங்கில் ஆபீசராக இருந்தேன். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கணவர் விசாவில் தொங்கிக்கொண்டு இங்கே வந்தேன். அந்த விசாவில் வந்த மனைவி வேலை பார்க்கக் கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம். கிரீன் கார்டு வருகிறவரை வீட்டில் இருந்தேன். விருந்தாளிகள் என் கணவரிடம், "மேடம் என்ன பண்றாங்க?" என்று கேட்பார்கள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பேன். "சும்மா வீட்ல இருக்கா" என்பார் அவர். கெட்ட மனிதர் இல்லை, யோசிக்காமல் சொல்வார். ஊரில் லோன் கேட்டு வந்த மில் முதலாளிகளை நாற்காலி நுனியில் உட்கார வைத்தவள் நான். கார்டு கைக்கு வந்தவுடன் படித்து, பரீட்சை எழுதி, இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

தொண்ணூற்றி ஒன்பதில் எங்கள் வட்டாரத்து சனிக்கிழமைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். யாராவது ஒருவர் வீட்டில் பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருகிற விருந்து. அலுமினிய ட்ரேக்களில் புளியோதரையும் பனீரும் கேசரியும் வரும். பெண்கள் அடுப்படியில். ஆண்கள் ஹாலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்து பங்கு விலை பேசுவார்கள். சந்தை சனிக்கிழமை மூடியிருக்கும், விலை அசையாது, ஆனாலும் பார்ப்பார்கள். யார் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்துவிட்டது, யாருடையது வரப்போகிறது, இன்னும் ஒரு வருஷத்தில் யார் யார் மில்லியனர் என்று கணக்கு ஓடும். நான் ஹாலில்தான் உட்காருவேன். என்னை அங்கிருந்து கிளப்பப் பார்ப்பார்கள். "அக்கா, உள்ள அப்பளம் பொரிக்க ஆள் வேணுமாம்" என்பார்கள். "எனக்கு அப்பளம் பொரிக்கத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருப்பேன்.

அந்தக் கூட்டத்தில்தான் ஈரோட்டுப் பக்கத்துத் தம்பதி ஒன்று அறிமுகமானது. கணவர் ஒரு நெட்வொர்க் கம்பெனியில் எஞ்சினியர். அந்தக் கம்பெனி அந்த வருஷம்தான் பங்குச் சந்தைக்கு வந்திருந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குக் கொடுத்த பங்குகள் இப்போது பெரிய பணம். அதனால் ஹாலில் அவருக்கு நடு சோபா. மனைவி பல் டாக்டர். சென்னையில் படித்து, ஈரோட்டில் ஒரு சீனியரின் கிளினிக்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். இங்கே நான் இருந்த அதே விசா, அதே 'சும்மா'. ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற குழந்தை.

ஆனால் அவளைச் சும்மா இருக்க யாரும் விடவில்லை. இந்த ஊரில் பல் வைத்தியம் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாக்களுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. எனவே பாட்லக்கில் சாப்பாடு முடிந்ததும் அடுப்படியில் ஒரு வரிசை சேரும். ஒவ்வொருவராக வாயைத் திறப்பார்கள். அவள் ஒரு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள். இது வேர் வரைக்கும் போயிருக்கு, இதை எடுக்கணும், இது வெறும் ஈறு வீக்கம், உப்புத் தண்ணியில கொப்பளிங்க என்று சொல்வாள். கையைக் கழுவிவிட்டு அடுத்த வாய். லைசென்ஸ் இல்லாமல் ஒரு கருவியைக் கூடத் தொட மாட்டேன் என்பதில் கண்டிப்பாக இருந்தாள். அதிலும் குறை சொன்னார்கள். "ரொம்ப ரூல்ஸ் பேசுது" என்று ஒரு மாமி என்னிடமே சொன்னாள். நான் அந்த மாமியிடம் நான்கு வார்த்தை பேசினேன், அதோடு அவர்கள் வீட்டுக் கொலுவுக்கு என்னைக் கூப்பிடுவது நின்றது.

இரண்டாயிரம் பிறந்து, பொங்கல் கழிந்த பிறகு ஒரு நாள், அந்தப் பல் டாக்டர் இந்தியன் கடை வாசலில் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு பேசோணும். மொதல்ல உங்க ஃபீஸ் எவ்வளவுன்னு சொல்லுங்க. சும்மா பேச வேண்டாம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவரை எந்தத் தமிழ் ஆளும் கட்டணத்தை முதலில் கேட்டதில்லை.

விஷயம் இதுதான். வெளிநாட்டில் படித்த பல் டாக்டர்கள் இங்கே தொழில் செய்வதற்கென்று பல்கலைக்கழகங்களில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. அதற்கு ஒரு பெரிய பரீட்சை எழுத வேண்டும். குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு லைப்ரரியில் உட்கார்ந்து படித்து, அதை எழுதி, பாஸும் ஆகிவிட்டாள். நூற்றுக்கணக்கானவர்கள் அப்ளை பண்ணுகிற இடத்தில் கைவிரல் எண்ணிக்கையில் எடுப்பார்கள். இவளுக்கு சீட் கிடைத்துவிட்டது. அந்த விசாவில் வேலை பார்க்கத்தான் கூடாது, படிக்கலாம். மார்ச் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் சீட் அவளுடையது. கட்டாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும்.

பாங்குக் கடனையும் விசாரித்திருந்தாள். விசாவில் இருப்பவருக்குக் கடன் வேண்டுமென்றால் கிரீன் கார்டுக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். டார்ச் வெளிச்சத்தில் அவளிடம் வாயைத் திறந்து காட்டிய இரண்டு குடும்பங்களைக் கேட்டிருக்கிறாள். ஒருவர் வீடு வாங்கப் போவதாகச் சொன்னார். இன்னொருவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. வாடிக்கையாளரின் கடனுக்கு நான் கையெழுத்துப் போடக் கூடாது என்பது என் தொழில் விதி. நான் அதை மீறினால் என் லைசென்ஸ் போய்விடும் என்று அவளுக்கே தெரியும், அதனால் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

"எனக்குக் கடன் எதுக்குங்கக்கா? அவரு பங்குல பத்துல ஒரு பங்கு வித்தாப் போதும். மிச்சத்த நான் கேக்கல."

அதுதான் கணக்கு. நான் போட்டுப் பார்த்ததிலும் அதேதான் வந்தது. பத்தில் ஒன்று விற்றால் முன்பணமும் முதல் வருஷ ஃபீஸும் போக மிச்சம்கூட இருக்கும். சொல்லப்போனால் பத்தில் ஐந்து விற்றிருக்க வேண்டும். சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது என்பது என் தொழிலின் அரிச்சுவடி.

பிப்ரவரியில் அவர்கள் வீட்டு மேஜையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். பஜ்ஜிக்கு மாவு கரைத்து வைத்திருந்தாள். அதை அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னேன். அவள் கணவர் சிரித்துக்கொண்டே இருந்தார். நான் அவரை விட எட்டு ஒன்பது வயது மூத்தவள், வீட்டுக்கு வந்த விருந்தாளி, அதனால் மரியாதைக்குக் குறைவில்லை.

"நான் வேண்டாம்னு சொல்லலீங்க அக்கா. அவ படிக்கட்டும். ஆனா இப்ப வித்தா பைத்தியக்காரத்தனமுங்க. இன்னும் ஒரு மாசத்துல டபுள் ஆகும். அப்ப அதே ஃபீஸுக்குப் பாதிப் பங்கு வித்தாப் போதும்."

"டபுள் ஆகும்னு யார் சொன்னது?"

"எல்லாருமே சொல்றாங்கக்கா."

எல்லாரும் என்றால் சனிக்கிழமை ஹால். எனக்குப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொறுமையாகச் சொன்னேன். அவர் கம்பெனியில் ஊழியர்கள் நினைத்தபோதெல்லாம் பங்கை விற்க முடியாது. கம்பெனியின் காலாண்டு லாப நஷ்ட முடிவு வெளிவந்த பிறகு சில வாரம் கதவைத் திறந்து வைப்பார்கள். அப்புறம் மூடிவிடுவார்கள். அடுத்த முடிவு வருகிறவரை ஒரு பங்குகூட விற்கக் கூடாது. இந்தத் தடவை மார்ச் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமையோடு கதவு மூடுகிறது. மறுபடி திறக்கும்போது ஏப்ரல் முடியும். அவள் சீட்டுக்குக் கெடு மார்ச் கடைசி. அந்த வெள்ளிக்கிழமைக்குள் விற்றால்தான் உண்டு.

"தெரியுமுங்க. அதுக்குள்ள வித்துடறேன்."

அதன் பிறகு வாரா வாரம் அவள் நினைவுபடுத்துவதும், அவர் இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்பதுமாகப் போயிற்று. பங்குகள் அவர் ஒருவர் பெயரில் இருந்தன. அவள் போன் போட்டு விற்க முடியாது, நானும் முடியாது. நடுவில் ஒரு சனிக்கிழமை ஹாலில் வைத்தே அவர் சொன்னார், "எங்க வீட்ல பெரிய டாக்டரம்மா, என் பங்க விக்கச் சொல்லி டெய்லி நச்சரிப்பு." எல்லோரும் சிரித்தார்கள். அவள் அடுப்படியில் யாரோ ஒருவர் மாமனாரின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும்.

கதவு மூடுவதற்கு முந்தின நாள் வியாழக்கிழமை, சாயங்காலம், நானே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இனிமேல் ஏறட்டும் என்று சொல்ல நாள் இல்லை என்றேன். அவரும் ஒத்துக்கொண்டார். "நாளைக்குக் காலைல மார்க்கெட் திறந்ததும் போட்டுடறேன் அக்கா, நிம்மதியாப் போங்க" என்றார். அவள் என்னை கார் வரை வந்து வழியனுப்பினாள். மகளைப் பள்ளி முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது, பல்கலைக்கழகத்துக்கு ரயிலில் போவதா காரில் போவதா என்று என்னிடம் வாய் ஓயாமல் பேசினாள். அவள் அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணி சுமாருக்கு போன் வந்தது.

"அக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமையாம்."

"ஆமாம், வெள்ளிக்கிழமைதான். அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை லட்சுமிய வெளிய அனுப்பக் கூடாதாம். திங்கக்கிழமை விக்கறாராம்."

முதலில் எனக்குப் புரியவே இல்லை. புரிந்ததும் கார்ச் சாவியை எடுத்தேன். நம் பக்கத்து வீடுகளில் வெள்ளிக்கிழமை காசு கொடுக்க மாட்டார்கள், எனக்கும் தெரியும். என் அம்மா வெள்ளிக்கிழமை பால்காரருக்குக் கூடப் பணம் கொடுத்ததில்லை. ஆனால் அம்மா அன்றைக்கு விளக்கேற்றுவாள், தலைக்குக் குளிப்பாள், வீட்டில் முட்டைகூடப் பொரியாது. இந்த மனிதர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சிக்கன் பிட்சா வாங்கிக்கொண்டு வருகிறவர். ஃப்ரீவேயில் வழி முழுக்கத் தனியாகத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். இங்கே சந்தை மதியம் ஒரு மணிக்கு மூடும். நேரம் இருந்தது.

வீட்டில் அவர் ஆபீஸுக்குக் கிளம்பாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். லேப்டாப் திறந்திருந்தது. அவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"திங்கக்கிழமை உங்க கம்பெனி விக்க விடாது. இன்னிக்குதான் கடைசி நாள். நேத்து என்கிட்ட சரின்னீங்க" என்றேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைங்கறது நேத்து ஞாபகம் வரலீங்க அக்கா. காலைல ஊருக்கு போன் பேசினேன். அம்மா கூடாதுன்னுட்டாங்க."

"பங்கை வித்தா பணம் வெளிய போகல, உங்க கைக்கு வருது. அதுவும் இன்னிக்கு வராது. இன்னிக்கு வித்தா புதன்கிழமைதான் பணமே கைக்கு வரும். வெள்ளிக்கிழமை ஒரு பைசா நகராது. இதை அம்மாகிட்ட சொன்னீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். என் வாதத்தில் ஓட்டை தேடுகிறார் என்று முகத்திலேயே தெரிந்தது.

"பங்குதானுங்க லட்சுமி. அது போகுதுல்ல."

அப்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். குரல் உயரவே இல்லை.

"போன வெள்ளிக்கிழமைதான புதுக் காருக்கு டவுன் பேமென்ட் குடுத்தீங்க? செக்க நான்தான் கவர்ல போட்டேன்."

அவர் முகம் மாறியது. இதற்கு மேல் எனக்கு அவர் இவர் என்று எழுத வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

"கார் வேற, இது வேற. பங்கு என் பங்கு. ராத்திரி பகலா நான் முழிச்சு வேலை பாத்து வந்தது. அத வித்து நீ ரெண்டு வருஷம் படிக்கப் போனா புள்ளைய யாரு பாக்கறது? சமையல் யாரு பண்றது? அடுத்த வருஷம் அப்ளை பண்ணிக்க. சீட் எங்க ஓடிப் போயிடுது?"

உண்மை வெளியே வந்துவிட்டது. லட்சுமியும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை, ஊரில் இருக்கிற அம்மாவும் இல்லை. இவனுக்குக் கொடுக்க மனமில்லை. கொடுக்க மாட்டேன் என்று வெளிப்படையாகச் சொன்னால் சின்ன மனுஷனாகத் தெரிவோம் என்று சாமியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். என் தொழிலில் பேசக் கூடாததை எல்லாம் பேசினேன். உன் பொண்டாட்டி ஊர் வாயெல்லாம் ஓசியில் பார்த்தபோது யார் சமையல் பண்ணினது என்று கேட்டேன். நீ என்று சொன்னேன், வா போ என்று சொன்னேன். அவன் லேப்டாப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு என்னை வேடிக்கை பார்த்தான்.

"அக்கா, இது எங்க வீட்டு விஷயம்" என்றான் கடைசியில்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நீங்க கெளம்புங்கக்கா, உங்களுக்கு வேல இருக்கும்" என்றாள். நான் காரில் போய் உட்கார்ந்து வெகு நேரம் அங்கேயே இருந்தேன். ஒரு மணி தாண்டியதும் வண்டியை எடுத்தேன்.

மூடிய கதவுக்குப் பின்னால் அவன் பங்கு இன்னும் சில நாள் ஏறியது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஹாலில் அவன் என்னைப் பார்த்து, "பாத்தீங்களா அக்கா, அன்னைக்கு வித்திருந்தா நஷ்டமுங்க" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். பொறுமைசாலி என்றார்கள். அடுப்படியில் பெண்கள் அவளிடம் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? அடுத்த வருஷம் போய்க்கோ என்றார்கள். வீட்டுக்காரர் ஏதோ யோசித்துத்தான் சொல்லியிருப்பார் என்றார்கள். படிப்பு படிப்பு என்று பிள்ளையை விட்டுவிடாதே என்றார்கள். இதைச் சொன்னவர்களில் ஒருத்தி எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கோல்டு மெடல். மனிதர்களைப் பார்த்து எனக்கு அவ்வளவு கசப்பு வந்தது அன்றைக்குத்தான். சாப்பிடாமல் கிளம்பி வந்துவிட்டேன்.

மார்ச் முடிந்தது. சீட் வரிசையில் அடுத்து நின்றவருக்குப் போய்விட்டது. அதை எனக்கு அவள் கடையில் பருப்பு எடுத்துக்கொண்டே சொன்னாள். அடுத்த வருஷத்துக்கு எல்லாவற்றையும் புதிதாக ஆரம்பிக்க வேண்டும், இந்த வருஷம் எடுத்தார்கள் என்பதால் அடுத்த வருஷமும் எடுப்பார்கள் என்று ஒன்றும் இல்லை என்றாள். நான் அவன் மேல் கோபமாக ஏதோ சொன்னேன். "விடுங்கக்கா" என்றாள். என்னால் விட முடியவில்லை.

ஏப்ரலில் டெக்னாலஜி பங்குகள் எல்லாம் சரிந்து விழுந்தது எல்லோருக்கும் தெரியும். கதவு மறுபடி திறந்தபோது பங்கு பாதி விலைக்கும் கீழே. இப்போதாவது விற்கச் சொல்லிப் போன் பண்ணினேன். அவன் பழைய விலைக்கு வரட்டும் என்றான். அடுத்த தடவை திறந்தபோது இன்னும் கீழே. அப்போதும் அதையே சொன்னான். அந்த விலை அவன் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. அதுதான் தன் பணம், இப்போது இருப்பது யாரோ செய்த தப்பு என்று நினைத்தான். என் தொழிலில் இதைத் தினம் பார்க்கிறேன். கையில் இருக்கிற பணத்தை நம்ப மாட்டார்கள், ஒரு நாள் திரையில் பார்த்த பணத்தை மறக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை ஹால் மெல்லக் காலியாயிற்று. அந்த லேப்டாப்பை யாரும் திறக்கவில்லை. கிரிக்கெட் பேசினார்கள். யார் வேலை போயிற்று என்பதைச் சாடையாகக் கேட்டுக்கொண்டார்கள். வேலை போனால் விசாவும் போயிற்று, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். இரண்டாயிரத்து ஒன்றில் ஊர் முழுக்க சோபா விற்பனைக்கு, கட்டில் விற்பனைக்கு என்று இந்தியன் கடைப் பலகையில் சீட்டு தொங்கியது. அந்த வசந்த காலத்தில் அவன் வேலையும் போயிற்று. ஒரு நாள் காலையில் கூப்பிட்டு ஒரு அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பங்கு அப்போது ஒரு வேளை சாப்பாட்டுக்கு ஆகிற விலை.

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் என் வீட்டுக்கு வந்தார்கள். குழந்தையையும் கூட்டி வந்தார்கள். அது, "ஆன்ட்டி, கேன் ஐ வாட்ச் கார்ட்டூன்ஸ்?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டது. என் கணவர் முகத்தைக் காட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார், வரப்போவது என்ன என்று அவருக்குத் தெரியும்.

மேஜையில் உட்கார்ந்தோம். அவன் இளைத்திருந்தான். நடு சோபாவில் உட்கார்ந்தவன் இப்போது நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். எனக்கு இரக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவன் வாயைத் திறக்கிற வரைக்கும்தான் வந்தது.

"அக்கா, உங்களுக்குத் தெரியாதது இல்லீங்க. எனக்கு வேற கம்பெனி கிடைக்கற மாதிரி இல்ல. இவளுக்கு ஏதாவது வழி இருக்குங்களா? டாக்டர்தான? அந்தக் காலேஜ்ல திரும்பக் கேட்டா, படிச்சுட்டே ஏதாவது சம்பாதிக்கற மாதிரி, அவ விசாவுல நாங்க இருக்கற மாதிரி..."

அவன் முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. நான் முடிக்க விடவில்லை.

"போன வருஷம் அவ சீட்டை நீ திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போட்டே. இன்னிக்கு அவ சம்பாத்தியம் வேணுமா உனக்கு? அவ படிப்பு உனக்குத் தேவைப்பட்டாத்தான் படிப்பா? அன்னிக்குச் சமையல் யார் பண்றதுன்னியே, இன்னிக்கு யார் பண்ணுவா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னும் பேசியிருப்பேன், ஒரு வருஷத்துக் கோபம் இருந்தது. அவள் மேஜை மேல் இருந்த என் கையைத் தொட்டாள்.

"அக்கா, போதும். நான் இவருக்காக வரல. நான் கணக்குப் பாக்க வந்தேன்."

பிறகு அவள் பேசினாள். ஈரோட்டில் அந்தப் பழைய சீனியருக்கு வயதாகிவிட்டதாம். கிளினிக்கில் பங்குதாரராகச் சேருகிறாயா என்று மூன்று மாதத்துக்கு முன்னாலேயே கேட்டிருக்கிறார். இவள் சரி என்று சொல்லிவிட்டாள். அவன் வேலை போவதற்கு முன்பே சொல்லிவிட்டாள். இந்த ஊரில் இவளை டாக்டர் என்று ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை, அங்கே லைசென்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஜூனில் பள்ளி மூடியதும் குழந்தையோடு கிளம்புகிறாள். இதில் எதையும் அவனிடம் கேட்கவில்லை, என் மேஜையில் வைத்துத்தான் சொன்னாள். அவனுக்கு இது அன்றைக்குத்தான் தெரிய வந்தது என்பது அவன் நிமிர்ந்த விதத்தில் தெரிந்தது.

"நான்?" என்றான்.

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அதில் வெறுப்பு இல்லை. நோயாளியிடம் இந்தப் பல்லைக் காப்பாற்ற முடியுமா தெரியவில்லை என்று சொல்கிறபோது இருக்கிற முகம். அடுப்படி வரிசையில் நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"அதுக்குத்தான் வந்திருக்கேன்" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நாங்க மூணு பேரும் போனா ஈரோட்டுல மாசம் என்ன ஆகும், நானும் பாப்பாவும் மட்டும்னா என்ன ஆகும், ரெண்டு கணக்கும் எனக்கு வேணும்."

அவன் எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நான் பேப்பரை எடுத்தேன்.

"எதை முதல்ல போடட்டும்?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் கணக்க மொதல்ல போடுங்க" என்றாள்.

போட ஆரம்பித்தேன்.